நான்கு வாசல் வைத்த குரு

கோயில் என்றால் படியேறிப் போய் தரிசிப்பதுதான் நமக்குப் பழக்கம். ஆனால், அமிர்தசரஸ் பொற்கோயிலில் நீங்கள் படியிறங்கித்தான் உள்ளே போக வேண்டும்! தெருவைவிடத் தாழ்வான இடத்தில், தீர்த்தக் குளத்தின் நடுவே அமைந்திருக்கிறது ஆலயம். திசைக்கு ஒன்றாக நான்கு வாசல்கள். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று திட்டமிட்டுக் கட்டியவர், சீக்கியர்களின் ஐந்தாவது குருவான அர்ஜன் தேவ்.

1563-ம் ஆண்டு, பஞ்சாபில் பியாஸ் நதிக்கரையில் உள்ள கோயிந்த்வால் என்ற ஊரில் பிறந்தார் அர்ஜன். தாய்வழித் தாத்தா அமர் தாஸ் மூன்றாவது குரு. தந்தை ராம் தாஸ் நான்காவது குரு. மூன்று பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. மூத்தவர் பிரிதி சந்த் நிர்வாகத்தில் கெட்டிக்காரர். அடுத்த குரு தான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தவர். நடு அண்ணன் மகாதேவ், எதிலும் ஒட்டாத துறவு மனம் கொண்டவர்.

ஒருமுறை லாகூரில் உறவினர் வீட்டுக் கல்யாணம். குடும்பத்தின் சார்பில் அர்ஜனை அனுப்பிய தந்தை, தான் கூப்பிட்டு அனுப்பும்வரை அங்கேயே இருக்கும்படி சொல்லிவிட்டார். கல்யாணம் முடிந்தது, நாட்கள் ஓடின. அழைப்பு வரவேயில்லை. பிரிவைத் தாங்க முடியாத அர்ஜன், பாட்டாகவே கடிதம் எழுதி அனுப்பினார். பதில் இல்லை. இரண்டாவது கடிதத்துக்கும் இல்லை. அண்ணன் இரண்டையும் வாங்கி ஒளித்து வைத்துவிட்டார்! மூன்றாவது கடிதத்தில் மூன்று என்று எண் போட்டு, தந்தையின் கையிலேயே கொடுக்கச் சொல்லி அனுப்பினார் அர்ஜன். எண்ணைப் பார்த்ததும் ராம் தாஸுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிரிதி சந்தின் உடைக்குள்ளிருந்து மற்ற இரண்டும் வெளியே வந்தன என்கிறது சீக்கிய மரபு. அந்தப் பாடல்கள் இன்றும் குருத்வாராக்களில் பாடப்படுகின்றன.

1581-ல் அர்ஜன் குரு பீடம் ஏறினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. மூத்தவர் சும்மா இருப்பாரா? பக்தர்களின் காணிக்கையை வழியிலேயே தன் பக்கம் திருப்பிக்கொண்டார். லங்கர் எனப்படும் அன்னதானக் கூடத்தில் வெறும் கடலைமாவு ரொட்டி மட்டுமே போட முடிந்த நாட்களும் உண்டு என்பார்கள். அர்ஜன் வழக்குக்குப் போகவில்லை. வேலையில் இறங்கினார்.

தந்தை வெட்டத் தொடங்கிய குளத்தைச் செப்பனிட்டு, அதன் நடுவே ஹர்மந்திர் சாஹிப்பைக் கட்டினார். ஹரியின் மந்திர் என்று அர்த்தம். லாகூரைச் சேர்ந்த சூஃபி மகான் மியான் மீர் அதற்கு அடிக்கல் நாட்டினார் என்பது மரபு. ஒரு விஷயம்... இன்று நாம் பார்க்கும் தங்கத் தகடுகள் அர்ஜன் காலத்தவை அல்ல. படையெடுப்புகளில் இடிக்கப்பட்டு மறுபடி கட்டப்பட்ட ஆலயத்துக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மகாராஜா ரஞ்சித் சிங் பொன் வேய்ந்தார். அர்ஜன் தேவ் எழுப்பிய சன்னிதியில் பொன் கிடையாது. நான்கு வாசல்கள் இருந்தன. எந்தத் திசையிலிருந்து எந்தச் சாதியார் வந்தாலும் தடை இல்லை.

ஆலயத்தில் பாடுவதற்கு சத்தா, பல்வந்த் என்று இரண்டு ரபாப் இசைக் கலைஞர்கள் இருந்தார்கள். இருவரும் முஸ்லிம்கள். ஒரு சமயம், வீட்டுக் கல்யாணச் செலவுக்குக் கிடைத்த பணம் போதவில்லை என்று கோபித்துக்கொண்டு, பாட வர மறுத்துவிட்டார்கள். தாங்கள் பாடாவிட்டால் குருவை யார் தேடி வருவார்கள் என்றும் பேசிவிட்டார்கள். குரு அசரவில்லை. பக்தர்களே பாடட்டும் என்று சொல்லி, தானும் வாத்தியம் எடுத்து அமர்ந்தார். சீக்கிய பக்தர்கள் தாங்களே கீர்த்தனம் பாடும் வழக்கம் வேரூன்றிய கதை இது. பின்னாளில் இருவரும் மனம் வருந்தித் திரும்பி வந்தபோது, சேர்த்துக்கொண்டார். அதோடு விட்டாரா? குருமார்களைப் போற்றி அவர்கள் பாடிய பாடல், சீக்கியர்களின் புனித நூலிலேயே இடம்பெற்றிருக்கிறது!

அந்த நூல்தான் அர்ஜன் தேவின் வாழ்நாள் பணி. குருநானக்கின் பெயரைப் போட்டு யார் யாரோ பாடல் எழுதிப் பரப்பத் தொடங்கிய காலம் அது. அண்ணன் வீட்டிலும் அது நடந்தது. எது அசல், எது போலி என்று பிரித்தாக வேண்டும். அமிர்தசரஸில் ராம்சர் குளக்கரையில் அமர்ந்து, முந்தைய குருமார்களின் பாடல்களைத் திரட்டி, ராகம் ராகமாக வகுத்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் பாய் குர்தாஸ். அர்ஜன் தேவ் பாடியவையே இரண்டாயிரத்துக்கும் மேல்.

குருமார்களின் பாடல்களோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நெசவாளர் கபீர், தோல் தொழிலாளி ரவிதாஸ், நாவிதர் சேனா, பண்டரிபுரத்து விட்டலனின் அடியார் நாமதேவர், சூஃபி ஞானி பாபா ஃபரீத்... எல்லோரையும் சேர்த்தார். நம் பஜனை மடங்களில் அஷ்டபதி பாடுகிறோமே, அந்த ஜெயதேவரின் பெயரிலும் இரண்டு பாடல்கள் அதில் உண்டு. அர்ஜன் தேவின் சுக்மனியும் இருபத்து நான்கு அஷ்டபதிகளால் ஆனது. கீத கோவிந்தத்திலும் அதே எண்ணிக்கைதான்! கேட்கும்போதே சிலிர்க்கிறது, இல்லையா?

1604-ல் ஆதி கிரந்தம் ஹர்மந்திரில் எழுந்தருளியது. சிறுவயதில் குருநானக்கையே தரிசித்த முதியவர் பாபா புத்தா, அதை வாசிக்கும் முதல் கிரந்தி ஆனார். இரவில் நூலைத் தன் இருப்பிடத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்துவிட்டு, குரு பக்கத்தில் தரையில் படுத்துக்கொள்வாராம்.

அக்பர் இருந்தவரை பயமில்லை. 1598-ல் கோயிந்த்வாலில் குருவை நேரில் சந்தித்து மரியாதை செய்தவர் அவர். 1605-ல் அவர் மறைந்து ஜஹாங்கீர் அரியணை ஏறினார். சில மாதங்களில் மகன் குஸ்ரோவே எதிர்த்துக் கிளம்பினான். தப்பி ஓடும் வழியில் அவன் குருவைச் சந்தித்ததாகவும், அவர் அவன் நெற்றியில் திலகம் இட்டதாகவும் ஜஹாங்கீருக்குச் செய்தி போனது. திலகம்தான் காரணமா? இந்துக்களும் முஸ்லிம்களும் இவரிடம் போய்ச் சேர்வதை நிறுத்த வேண்டும் என்று பல நாட்களாகவே நினைத்திருந்ததைப் பாதுஷாவே தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். திலகம் வெறும் சாக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

லாகூருக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு லட்சம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், கிரந்தத்தில் சில வரிகளை நீக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்ததாகச் சொல்கிறது சீக்கிய மரபு. பக்தர்கள் பணம் திரட்ட முன்வந்தார்கள். குரு வேண்டாம் என்றார். வரிகளில் கை வைக்கவும் சம்மதிக்கவில்லை. கோடையின் உச்சம். பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தட்டில் உட்கார வைத்து, தலையில் கொதிக்கும் மணலைக் கொட்டினார்களாம். மியான் மீர் ஓடிவந்து, பாதுஷாவிடம் பேசட்டுமா என்று கேட்டார். அதற்கும் குரு இசையவில்லை. இறைவன் சித்தம் இனிது என்றே சொல்லிக்கொண்டிருந்தவரை, கடைசியில் ராவி நதிக்கு அழைத்துப் போனார்கள். நீரில் இறங்கியவர் திரும்பவில்லை. 1606-ம் வருடம், மே 30. வயது நாற்பத்து மூன்று.

அவருடைய பதினொரு வயது மகன் ஹர்கோவிந்த் ஆறாவது குருவானார். பீடம் ஏறும்போது ஒன்றுக்கு இரண்டாக வாள் தரித்துக்கொண்டார்.

ஒவ்வோர் ஆண்டும் மே இறுதியிலோ ஜூனிலோ வரும் அந்த பலிதான தினத்தில், வடநாட்டுச் சாலைகளில் சபீல் என்ற தண்ணீர்ப்பந்தலைப் பார்க்கலாம். ரோஜா சர்பத் கலந்த குளிர்ந்த பாலும் தண்ணீருமாகக் கலக்கி, பஸ்ஸை நிறுத்தி, ரிக்‌ஷாவை நிறுத்தி, யார் என்ன என்று கேட்காமல் கொடுப்பார்கள். அதற்கு முந்தைய நாற்பது நாட்களும் சுக்மனி பாராயணம் செய்யும் குடும்பங்கள் உண்டு.

அமிர்தசரஸ் போகும் வாய்ப்பு கிடைத்தால், விடியும் முன்பே எழுந்து போய்விடுங்கள். அகால் தக்திலிருந்து கிரந்தம் பல்லக்கில் ஆலயத்துக்கு எழுந்தருளும் நேரம் அது. தலையை மூடிக்கொள்ளத் துணி அவசியம். காலணியைக் கழற்றிவிட்டு, வாசலில் ஓடும் நீரில் பாதம் நனைத்து உள்ளே இறங்குங்கள். பல்லக்குக்குத் தோள் கொடுக்க பக்தர்கள் வரிசையில் நிற்பார்கள்.