கறையான் புற்றுக்குக் காவல் இருந்த கவிஞர்

கறையான் புற்றை இடித்துப் பாருங்கள். சிப்பாய்க் கறையான்கள் ஓடி வந்து உடைப்பில் காவல் நிற்கும். பின்னாலேயே தொழிலாளிகள் வரும். மண்ணை எச்சிலில் குழைத்து வைத்து ஓட்டையை அடைக்கும். இத்தனைக்கும் அவற்றுக்குக் கண் தெரியாது!

இந்த அதிசயத்தைத் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் இருந்து பார்த்தவர் யூஜின் மரே.

1871-ல் பிரிட்டோரியா அருகே பிறந்தார். பத்திரிகை நடத்தினார். வக்கீலுக்குப் படித்தார். கவிதையில் பெரும் புகழ் பெற்றார். 1894-ல் கல்யாணம். அடுத்த ஆண்டே, மகனைப் பெற்ற சில நாட்களில் மனைவி இறந்துபோனார். மார்பின் என்ற போதை மருந்தும் மரேயைப் பிடித்துக்கொண்டது; கடைசிவரை விடவில்லை.

பட்டணத்தை விட்டு வாட்டர்பெர்க் மலைப்பக்கம் போனார். அங்கேதான் புற்றும் கறையானும் அவருக்குத் துணையாயின.

புற்றிலும் ஜாதி உண்டு. ராணி பெருத்த உடம்போடு ஓர் அறையில் கிடந்து முட்டையிடும். பக்கத்திலேயே ராஜா. (தேன்கூட்டில் ராஜா கிடையாது.) சிப்பாய்க்குத் தாடை மிகப் பெரிது. அதனால் தானாகத் தின்ன முடியாது. தொழிலாளிதான் ஊட்ட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வளரும்போதுதான் ஜாதி பிரியும்.

மரே ஒரு புதுமை சொன்னார். புற்று முழுவதும் ஒரே பிராணி. ராணி அதன் மூளை, மற்றவை ரத்த அணுக்கள் என்றார். ராணியிடமிருந்து கண்ணுக்குத் தெரியாத சக்தி ஒன்று கிளம்புவதாகவும் நம்பினார். அந்தச் சக்தியை இன்று விஞ்ஞானிகள் ஒப்புவதில்லை. வாசனையாலும் தொடுதலாலும் கறையான்கள் சேதி சொல்லிக்கொள்கின்றன. ஆனால் கூட்டம் முழுவதும் ஓர் உடல் என்ற எண்ணம் இன்னும் வாழ்கிறது.

இதையெல்லாம் அவர் 1923 முதல் ஆப்பிரிகான்ஸ் மொழிப் பத்திரிகைகளில் எழுதினார். அது டச்சு மொழியிலிருந்து பிறந்த மொழி. வெளியுலகில் படித்தவர் சிலரே.

1926-ல் பெல்ஜியத்தின் மாரிஸ் மேட்டர்லிங்க் கறையான் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1911-ல் நோபல் பரிசு வாங்கியவர்! மரே திடுக்கிட்டார். தம் கருத்துகளை மேட்டர்லிங்க் எடுத்துக்கொண்டார் என்று குற்றம் சாட்டினார். தென்னாப்பிரிக்கப் பத்திரிகைகளும் அவர் பக்கம் பேசின. ஆனால் ஐரோப்பாவில் போய் வழக்காட அவரிடம் பணம் ஏது?

1934-ல் மரேயின் கட்டுரைகள் புத்தகமாயின. 1936 மார்ச்சில், நோயும் போதையும் வாட்ட, தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

மறு ஆண்டு அந்தப் புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது.