காமிராக் கடைக்காரர் மகன்

சினிமா என்றதும் நம் தோழர்களுக்கு நினைவுக்கு வருவது பாட்டும் கூத்தும் கத்திச் சண்டையும்தான். குறை சொல்ல வரவில்லை நாம். பகலெல்லாம் பாடுபட்டவன் இரவில் மூன்று மணி நேரம் சிரித்துவிட்டு வருவது பாவமல்ல. ஆனால் நட்சத்திரங்கள் இல்லை, அரிதாரம் இல்லை, உழைப்பாளியின் முகமே கதை என்று எடுத்த படங்களும் உலகில் உண்டு. அந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர் ஹாலந்து நாட்டு ஜோரிஸ் ஐவன்ஸ். 1989-ல் 90 வயதில் மறைந்தார். அவருடைய இளமைக் காலத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

1898-ல் நைமேகன் நகரில் பிறந்தவர். பாட்டனார் போட்டோக்காரர், தகப்பனார் காமிராக் கடை முதலாளி. 13 வயதில் வீட்டாருக்குச் செவ்விந்தியர் வேடம் போட்டுவிட்டு ஒரு குட்டிப் படம் எடுத்தார். பிறகு ஜெர்மனியில் படிப்பு, அங்குள்ள காமிராத் தொழிற்சாலைகளில் பயிற்சி. 1926-ல் ஆம்ஸ்டர்டாம் கிளைக் கடையின் பொறுப்பாளராக வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே இருந்திருந்தால் ஊர்ப் பெரிய மனிதர் ஆகியிருப்பார். நாமும் அவரைப் பற்றி எழுத வேண்டி வந்திராது!

1927-ல் கார்க்கியின் 'தாய்' கதையைப் புதோவ்கின் எடுத்த படம் ஹாலந்துக்கு வந்தது. பொதுமக்களுக்குக் காட்ட அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. தடுத்தால் அடங்குமா இளைஞர் கூட்டம்? தனி மன்றத்தில் போட்டுப் பார்த்தது. அதிலிருந்து 'பிலிம்லீகா' என்ற சங்கமே முளைத்தது. அதில் ஐவன்ஸ் முன்னின்றார். 1928-ல் ரோட்டர்டாம் துறைமுகத்தில், கப்பலுக்கு வழிவிட மேலே எழும்பும் ரயில் பாலத்தை ஒரு படமாக்கினார். 1929-ல் ஆம்ஸ்டர்டாமில் பெய்யும் மழையைப் படமாக்கினார். பல மாத உழைப்பு. ஓடுவது சுமார் 12 நிமிடம். கலைஞர்கள் கொண்டாடினார்கள். நல்ல படங்கள்தாம். ஆனால் மழையில் நனைபவன் யார், பாலம் கட்டியவன் யார் என்று அவை கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது ஒரு தொழிற்சங்கம். ஹாலந்தின் கட்டடத் தொழிலாளர் சங்கம் தனக்கென ஒரு படம் எடுத்துத் தரக் கேட்டது. கடலை மறித்து அணை கட்டும் இடத்துக்குப் போனார் ஐவன்ஸ். பெரிய பெரிய கருங்கற்களைத் தூக்கி அடுக்கும் தொழிலாளர்களைப் பார்த்தார். காமிராவை எங்கே வைப்பது? தாமே குனிந்து கல்லைத் தூக்கிப் பார்த்தார். பாரம் உடம்பில் எந்த இடத்தில் இறங்குகிறது என்று அறிந்த பிறகே அந்த இடத்துக்குக் காமிராவைத் திருப்பினார். எந்தப் பள்ளியும் கற்றுத் தராத பாடம் அது என்போம் நாம்.

1931-ல் பிலிப்ஸ் ரேடியோத் தொழிற்சாலையைக் கம்பெனிக்காகவே படமெடுத்தார். கம்பெனி கேட்டது விளம்பரம். கண்ணாடி ஊதுகிறவனின் உப்பிய கன்னமும் அதில் ஏறிவிட்டது. 1932-ல் சோவியத் நாட்டு மாக்னிடோகோர்ஸ்க் உருக்காலையில் இளந்தொழிலாளர்களைப் படமெடுத்தார்.

திரும்பி வந்ததும் பெல்ஜியத்திலிருந்து அழைப்பு. அங்கே போரினாழ் என்ற நிலக்கரி வட்டாரத்தில் 1932-ல் பெரிய வேலைநிறுத்தம் நடந்து முடிந்திருந்தது. வேலை போனவர்கள் ஏராளம். வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்கள் ஏராளம். 1933-ல் ஹென்றி ஸ்டோர்க் என்ற பெல்ஜிய இளைஞருடன் ஐவன்ஸ் அங்கே போனார். போலீஸ் தேடியது. வீடு மாறி வீடு, சுரங்கத் தொழிலாளர் குடிசைகளே தங்குமிடம். மலை மலையாய்க் கரி குவிந்து கிடக்க, அதை வெட்டிக் கொடுத்தவன் வீட்டுப் பெண்கள் கழிவு மேட்டில் கரித்துண்டு பொறுக்கிய காட்சியைப் பிடித்தார்கள்.

அமீனா ஜப்திக்கு வருகிறார். அண்டை அயலார் ஓடி வருகிறார்கள். கூச்சல் இல்லை, அடிதடி இல்லை. இருக்கிற நாற்காலி, மேசை அத்தனையிலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள்! எதைத் தூக்குவார் அமீனா? உண்மையில் நடந்த இதைத் தொழிலாளர்களே காமிரா முன் மீண்டும் நடித்துக் காட்டினார்கள். இன்னொரு காட்சிக்காக மார்க்ஸ் படத்தை ஏந்தி ஊர்வலம் போனார்கள். வழியில் நின்றவர்கள் கை உயர்த்தி மரியாதை செய்தார்கள். நடிப்பு ஊர்வலம் நிஜ ஊர்வலம் ஆகிவிட்டது.

ஒளியும் நிழலும் கூடி ஒரு காட்சி அழகாக அமைந்துவிடுமோ என்று ஐவன்ஸ் அங்கே அஞ்சினார். குடிசையின் அழுக்கு ஓவியம் போல் தோன்றினால் பார்ப்பவன் கோபப்படமாட்டான், ரசித்துவிட்டுப் போவான் அல்லவா? ஆகவே மழைப் படத்தில் பெயரெடுத்த தம் கைத்திறனைத் தாமே அடக்கிக்கொண்டார். பெல்ஜியத்திலும் ஹாலந்திலும் அந்தப் படம் பொதுக் கொட்டகைகளுக்கு வரவிடாமல் தடுக்கப்பட்டது. சங்கங்களிலும் மன்றங்களிலும்தான் ஓடியது.

அதே ஆண்டு 'புதிய நிலம்' என்ற படத்தை முடித்தார். கடலை மறித்த சுமார் 32 கிலோமீட்டர் அணை 1932 மே 28-ல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் உழைத்து மீட்ட மண்ணில் கோதுமை விளைகிறது. படம் அங்கே முடிந்திருந்தால் அரசாங்கம் மாலை போட்டிருக்கும். ஐவன்ஸ் மேலே போனார். உலகெங்கும் பட்டினி ஊர்வலம். விலை இறங்கக்கூடாதென்று தானியத்தை அழிக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். பிறகு 1937-ல் உள்நாட்டுப் போர் நடந்த ஸ்பெயினில் குண்டுகளுக்கு நடுவே காமிராவுடன் நின்றார்.

1944-ல் ஹாலந்து அரசே அவரை இந்தோனேசியாவுக்கான திரைப்பட அதிகாரியாக நியமித்தது. சுதந்திரம் கேட்ட இந்தோனேசியர்மீது அந்த அரசு பட்டாளத்தை ஏவக் கிளம்பியதும், 1945 நவம்பரில் பதவியைத் தூக்கி எறிந்தார். ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் ஹாலந்துக் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்ற மறுத்த தொழிலாளர்களை 1946-ல் படமாக்கினார். பிறந்த நாட்டின் அரசு அதற்காகப் பல ஆண்டுகள் பாஸ்போர்ட் விஷயத்தில் அவரை அலைக்கழித்தது. அந்தப் படத்தில் வேலையை நிறுத்திவிட்டு இந்தோனேசியர் பக்கம் வந்து நிற்கும் கப்பல் தொழிலாளர்களில் இந்தியரும் இருக்கிறார்கள்.