அணுவியல் அறிஞர் ஹோமி பாபா

கல்லினுள் உறையும் உருவை உளியால் வெளிக்கொணர்பவர்கள் நம் மயிலாடிச் சிற்பிகள். உடலில் உளி படாமலே உள்ளிருக்கும் நோயைக் காட்டும் கலையொன்று இன்று மருத்துவத்தில் விளங்குகிறது. பெட் ஸ்கேன் என வழங்கும் அக்கலைக்கு அடிப்படையான பாசிட்ரான் என்னும் துகளைத் தம் இளமையிலேயே ஆராய்ந்தவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா ஆவார்.

1909 அக்டோபர் 30ஆம் நாள் பம்பாயில் பார்சிக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். நம் மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடல்மணலில் மோனசைட்டு கண்டறியப்பட்டதும் அதே ஆண்டில்தான். அம்மணலிலுள்ள தோரியத்தை நாட்டின் வருங்கால மின்வளமாகப் பின்னாளில் கண்டவரும் அவரே.

மகன் பொறியாளராகி ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையில் பணியாற்ற வேண்டும் என்பது தந்தையின் அவா. 1927இல் கேம்பிரிட்ஜ் சென்ற மகனின் நெஞ்சமோ இயற்பியலில் தோய்ந்தது. பொறியியலில் முதல் வகுப்புப் பெற்றால் விரும்பியதைக் கற்கலாம் எனத் தந்தை இசைந்தார். 1930இல் மகன் அவ்வாறே தேறினார்.

படைப்பில் இணைகளைக் காண்பது அறிவுடையோர் இயல்பு. எலக்ட்ரானுக்கு நேர்மின்னேற்றம் கொண்ட இணை உண்டெனக் கேம்பிரிட்ஜ் அறிஞர் டிராக் 1931இல் கணித்தார். 1932இல் அமெரிக்காவில் ஆண்டர்சன் அதனைக் கண்டறிந்தார். எதிர்ப்பொருளாகிய அப்பாசிட்ரான் எலக்ட்ரானோடு மோதிச் சிதறும் முறையைப் பாபா கணக்கிட்டு 1936இல் வெளியிட்டார். அது இன்றும் பாபா சிதறல் என்றே வழங்குகிறது. அதனால் விளையும் பயன் யாதென அன்று வினவியிருந்தால் எவரும் விடை கூறியிருக்க இயலாது.

1939இல் விடுமுறைக்குத் தாயகம் வந்தவரைப் போர் இங்கேயே நிறுத்தியது. 1945இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், 1954இல் டிராம்பே அணுசக்தி நிலையமும் அவர் முயற்சியால் எழுந்தன. 1963இல் அணுசக்தித் துறையின் கதிரியக்க மருத்துவ மையம் பம்பாயில் உருவாயிற்று. 1966 ஜனவரி 24 அன்று ஆல்ப்ஸ் மலையில் நேர்ந்த விமான விபத்து, ஐம்பத்தாறே வயதான அவரைப் பறித்துக்கொண்டது.

அந்த மருத்துவ மையத்திலேயே 2002இல் இந்தியாவின் முதல் பெட் ஸ்கேன் கருவி இயங்கத் தொடங்கியது. நோயாளிக்குக் கதிரியக்க ஃபுளோரின் சேர்ந்த சர்க்கரைப் பொருளொன்றை ஊசிவழிச் செலுத்துவர். புற்றுத் திசுக்கள் பெரும்பாலும் அதனை மிகுதியாக ஈர்க்கும். அதிலிருந்து வெளிப்படும் பாசிட்ரான், எலக்ட்ரான்களோடு மோதி வேகம் குன்றி, முடிவில் ஓர் எலக்ட்ரானோடு கூடி அழியும். அப்போது எதிரெதிர்த் திசைகளில் பாயும் இரு காமாக் கதிர்களைக் கொண்டு கருவி நோயின் இடத்தைக் காட்டும். அந்த ஃபுளோரினின் வீரியம் ஏறத்தாழ 110 நிமிடங்களில் பாதியாகிவிடும்.

பாபா இதனைக் காணவில்லை. ஆயினும் பயன் கருதாது தேடிய அறிவு உயிர் காக்கத் துணைநிற்கிறது. மகனின் நாட்டத்திற்கு அன்று வழிவிட்ட தந்தையையும் நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும். மாணவர்களும் பெற்றோர்களும் எண்ணிப் பார்க்கத் தக்கது இது.