உங்க கீசருக்குப் பின்னால் ஒரு பீர் ஆலைக்காரர்: யார் இந்த ஜேம்ஸ் ஜூல்?

டெல்லியில் ஒரு ஜனவரி காலை. குழாயில் வரும் தண்ணீர் 15 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 லிட்டர் பக்கெட் ஒன்றை 40 டிகிரிக்குச் சூடாக்குகிறீர்கள். அந்த ஆற்றலை வைத்து அதே தண்ணீரை எவ்வளவு உயரம் தூக்கலாம் தெரியுமா? 10 கிலோமீட்டருக்கும் மேல். எவரெஸ்ட்டே 8.85 கிலோமீட்டர்தான்.

இந்தக் கணக்கை நமக்குத் தந்தவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்ததில்லை. அவர் குடும்பத் தொழில் பீர் காய்ச்சுவது.

ஆலையும் ஆய்வும்

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1818 டிசம்பர் 24-ம் தேதி, இங்கிலாந்தின் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பிறந்தார். வீட்டில் வைத்தே படித்தார். பிறகு அணுக்கொள்கைக்குப் பேர்போன ஜான் டால்டனிடம் அண்ணனோடு சேர்ந்து பாடம் கேட்டார். பகலில் ஆலை வேலை, மீதி நேரத்தில் ஆய்வு. அதுதான் அவருடைய வாழ்க்கை.

20 வயதைத் தாண்டியதும் அவர் செய்த சோதனை ஒன்று, இன்று உங்கள் பாத்ரூம் சுவரில் தொங்குகிறது. கம்பிச் சுருளைத் தண்ணீரில் மூழ்கவைத்து, அதில் கரன்ட் பாய்ச்சி, வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார். கரன்ட் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கானது. கீசர் காயில் இந்த விதிப்படிதான் சூடாகிறது. லூஸாக இருக்கும் ப்ளக்கும் மெல்லிய ஒயரும் உருகிப்போவதும் இதே விதிப்படிதான். 3 கிலோவாட் கீசர் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். அதைச் சின்ன சாக்கெட்டில் சொருகாதீர்கள். 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும்.

1840-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இந்த ஆய்வை அனுப்பினார். அவர்கள் அதன் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டார்கள்.

யாரும் காது கொடுக்கவில்லை

அடுத்து பெரிய கேள்விக்குப் போனார். வெப்பம் என்பது ஒரு பொருளா, இல்லை உழைப்பின் இன்னொரு வடிவமா? எடைக்கற்கள் கீழே இறங்கும்போது, தண்ணீருக்குள் ஒரு துடுப்புச் சக்கரம் சுழலும்படி கருவி செய்தார். கற்களை மறுபடி மறுபடி 20 தடவை இறக்கியும், ஏறிய வெப்பம் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஏறத்தாழ பாதிதான். அவ்வளவு சின்ன மாற்றத்தை ஒருவர் அளக்க முடியும் என்றே பலர் நம்பவில்லை. 1843-ல் அயர்லாந்தின் கார்க் நகரில் தன் முடிவுகளை முன்வைத்தபோது, அரங்கம் அமைதியாகவே இருந்தது.

1847-ல் ஆக்ஸ்ஃபோர்டு கூட்டத்திலும் சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள். ஆனால் அங்கே இளம் பேராசிரியர் வில்லியம் தாம்சன் இருந்தார். பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர் அவர்தான். ஜூல் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. பிறகு இருவரும் சேர்ந்தே ஆய்வு செய்தார்கள். 1850-ல் ராயல் சொசைட்டி ஜூலை உறுப்பினராக்கியது.

வீட்டில் நிலைமை வேறு. 1847-ல் மணந்த அமீலியா 1854-ல் இறந்தார். ஜூல் மறுமணம் செய்யவில்லை. கடைசிக் காலத்தில் பணமும் கரைந்தது. 1878-ல் அரசு ஆண்டுக்கு 200 பவுண்டு ஓய்வூதியம் கொடுத்தது. அந்த வயதிலும் பழைய சோதனையை இன்னும் துல்லியமாகத் திரும்பச் செய்தார்.

உங்களுக்கு இதில் என்ன?

அந்த பக்கெட்டுக்கு கிட்டத்தட்ட 0.44 யூனிட் மின்சாரம் தேவை. எந்த பிராண்ட் காயிலாக இருந்தாலும் இதைக் குறைக்க முடியாது. நேரம்தான் மாறும். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசருக்கு சுமார் 9 நிமிடம். ஜூலின் ஊரான மான்செஸ்டரில் இன்று பல வீடுகளில் இருக்கும் கேஸ் காம்பி பாய்லர் 24 கிலோவாட் கொடுத்தால், ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். அதனால்தான் அதற்கு வெந்நீர் டேங்க் தேவையில்லை. அதே வேகத்தை கரன்ட்டில் எதிர்பார்த்தால் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சாதாரண வீட்டு இணைப்பு தாங்காது. நம் வீடுகளில் தண்ணீரை முன்கூட்டியே சூடாக்கி டேங்கில் வைப்பது இதனால்தான்.

ஆகவே கீசர் வாங்கும்போது லிட்டரை மட்டும் பார்க்காதீர்கள், கிலோவாட்டையும் பாருங்கள்.

1889-ல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு ஆற்றலின் அலகுக்கு 'ஜூல்' என்று பெயர் வைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 11-ம் தேதி, மான்செஸ்டர் அருகே சேல் என்ற ஊரில் அவர் காலமானார். கல்லறையில் 772.55 என்ற எண்ணைப் பொறித்திருக்கிறார்கள். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்க, அதே எடையை எத்தனை அடி உயரத்திலிருந்து இறக்கவேண்டும் என்பதற்கு அவர் கண்ட விடை அது. உங்கள் கரன்ட் பில்லில் வரும் ஒவ்வொரு யூனிட்டும் 36 லட்சம் ஜூல்.