குரங்கு மலேரியாவும் கர்னல் சின்டனும்

மாலை வேளையில் மந்திர் மார்க்கில் நடந்துசெல்லும் நம் மாணவ நண்பர்கள், பிர்லா மந்திருக்குப் பின்னாலுள்ள மேட்டுக் காட்டிலிருந்து இறங்கிவரும் குரங்குக் கூட்டத்தைக் கண்டிருப்பார்கள். குட்டியை மார்போடு அணைத்தபடி மதில்மேல் அமர்ந்திருக்கும் மந்தி. நம் கையிலுள்ள வாழைப்பழத்தின்மேல் கண்ணாக இருக்கும் கடுவன். பக்தியோடு கடலை தருவோரும் உண்டு. அஞ்சி ஒதுங்குவோரும் உண்டு. அந்தி சாய்ந்ததும் கொசுக்களும் கிளம்பிவிடுகின்றன. அப்போது ஒரு கேள்வி எழுவது இயல்பே. குரங்குக்குள்ள காய்ச்சலைக் கொசு நமக்குக் கொண்டுவந்து சேர்க்குமா?

சேர்க்கும். ஆனால் எல்லாக் குரங்கிடமிருந்தும் அன்று. எல்லாக் கொசுவாலும் அன்று. எல்லா இடத்திலும் அன்று. இதுவே இன்றைய விடை. இந்த விடைக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர், தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளை இந்திய மண்ணில் செலவிட்ட ஜான் அலெக்சாண்டர் சின்டன். வீரத்துக்குரிய விக்டோரியா சிலுவையையும், அறிவுக்குரிய ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியையும் ஒருங்கே பெற்றவர் இவ்வுலகில் இவர் ஒருவரே. அவர் வரலாற்றை நாம் அறிவது நன்று.

சின்டன் 1884 டிசம்பர் 2ஆம் நாள் கனடா நாட்டின் விக்டோரியா நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் வட அயர்லாந்தைச் சேர்ந்தது. அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் தாயகம் திரும்பிவிட்டது. பெல்பாஸ்ட் நகரில் மருத்துவம் பயின்று 1908இல் முதல் மாணவராகத் தேறினார். 1911இல் இந்திய மருத்துவப் பணிக்கான தேர்வில் முதலிடம் பெற்றார். உடனே கப்பலேறாமல், லிவர்பூலில் வெப்பநாட்டு நோய்களைப் பற்றிப் படிக்கலானார். அங்கேதான் ரொனால்டு ராஸின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது.

ராஸை நாம் அறிவோம். 1897இல் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர். மறு ஆண்டு கல்கத்தாவில், பறவைகளின் மலேரியாவைக் கொண்டு, அக்கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து அதன் கடியால் பரவுவதை மெய்ப்பித்தவர். மனிதனின் நோயை அறிய விலங்கின் நோய் வழிகாட்டும் என்ற பாடத்தை அவருடைய ஆய்வே உலகுக்குக் காட்டியது. இளைஞர் சின்டன் அந்தப் பாடத்தை மறக்கவில்லை.

முதல் உலகப் போர் மூண்டது. இந்தியப் படையின் மருத்துவராகச் சின்டன் மெசபொடேமியாவுக்குச் சென்றார். 1916 ஜனவரி 21ஆம் நாள், ஓரா இடிபாடுகள் என்னும் இடத்தில் கடும் போர். குண்டுமாரிக்கு நடுவே காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்த அவருடைய இரு கைகளையும் விலாவையும் குண்டுகள் துளைத்தன. மருத்துவமனைக்குச் செல்ல அவர் மறுத்துவிட்டார். பகலொளி உள்ளவரை தம் பணியிலேயே நின்றார். அன்று அவரால் உயிர் பிழைத்தோர் பலர். இதற்காகவே விக்டோரியா சிலுவை அவருக்கு வழங்கப்பட்டது.

இத்தகைய வீரர் அதன்பின் என்ன ஆனார்? படைத்தலைமையை நாடினாரா? இல்லை. 1921இல் சிவில் பிரிவுக்கு மாறிக்கொண்டு, சிம்லா மலைச்சாரலில் உள்ள கசௌலிக்கு வந்து, மைக்ராஸ்கோப்பின் முன் அமர்ந்துவிட்டார்! கொய்னா மருந்து எந்த மலேரியாவுக்கு எவ்வளவு பயன்படுகிறது என்று ஆராய்ந்தார். மணல் ஈக்களை இனம் இனமாகப் பிரித்தார். காலா அசார் நோய் எங்கெங்கு உண்டோ, அங்கெல்லாம் மணல் ஈயின் ஒரு குறிப்பிட்ட இனமும் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். அந்த ஈயே அந்நோயைப் பரப்புகிறது என்ற உண்மைக்கு இக்குறிப்பு வழி திறந்தது. கொசு இனம் ஒன்றும் மணல் ஈப் பிரிவு ஒன்றும் இன்று சின்டனின் பெயரையே தாங்கி நிற்கின்றன.

1927இல் கசௌலியின் மலேரியா நிலையம் இந்திய மலேரியா ஆய்வு நிறுவனமாக விரிவடைந்தது. அதை நடத்தியவர் சின்டன். அக்கால இந்தியாவில் மலேரியா எத்தகைய கொடுமை என்பதை இன்றைய மாணவர் எண்ணிப் பார்ப்பதும் அரிது. ஆண்டுதோறும் ஏறக்குறைய 10 கோடி மக்கள் அந்நோயால் துன்புறுகின்றனர் என்றும், குறைந்தது 10 லட்சம் பேர் அதனாலேயே மாள்கின்றனர் என்றும் 1930களில் சின்டன் கணக்கிட்டார். காய்ச்சலால் விதைக்கப்படாத வயலையும், நின்றுபோன தொழிலையும் அவர் அக்கணக்கில் சேர்த்தார். நோய்க்குச் செலவிடத் தயங்கும் அரசுக்கு, செலவிடாமையால் வரும் இழப்பு எவ்வளவு என்று காட்டிய ஆய்வு அது.

இனிக் குரங்குக் கதைக்கு வருவோம். 1931இல் கல்கத்தாவின் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் நேப்பியரும் கேம்ப்பெல்லும் காலா அசாரைப் பற்றி ஆய்ந்துகொண்டிருந்தனர். சிங்கப்பூரிலிருந்து வந்த நீண்டவால் குரங்கு ஒன்றின் இரத்தத்தில் ஒரு மலேரியாக் கிருமியைக் கண்டனர். அந்தக் குரங்கு நலமாகவே இருந்தது. ஆனால் அதன் இரத்தத்தை நம் வடநாட்டுச் செம்முகக் குரங்குக்குச் செலுத்தியபோது, நோய் காட்டுத்தீ போல் மூண்டது. ஒரே கிருமி, ஒரு குரங்குக்கு விருந்தாளி, மற்றொன்றுக்கு எமன்!

அக்கிருமியை அழியவிடாமல் குரங்குக்குக் குரங்கு மாற்றிக் காத்துவந்தவர் பிரஜ் மோகன் தாஸ் குப்தா. அவரும் பேராசிரியர் ராபர்ட் நோல்ஸும் சேர்ந்து 1932இல் அதை ஊசி வழியே மனிதர் சிலருக்குச் செலுத்திக் காய்ச்சல் உண்டாவதை வெளியிட்டனர். இன்றைய அறம் ஒப்பாத சோதனைதான். ஆனால் செயற்கையான காய்ச்சலைக் கொண்டு மூளையைத் தாக்கும் மேகநோயைப் போக்க முயன்ற காலம் அது. பிற்காலத்தில் ருமேனியாவில் இதே கிருமியை அச்சிகிச்சைக்குப் பயன்படுத்தினர். மனித உடலிலேயே மாறி மாறி வளர்ந்து அதன் கொடுமை மிகுந்துவிட்டதால் 1955இல் அதைக் கைவிட நேர்ந்தது.

கிருமி கிடைத்தது; அதற்குப் பெயர் என்ன? அந்நாளில் குரங்கு மலேரியாவைப் பற்றி எழுதியோர் ஒன்றை மற்றொன்றாக மயங்கி, ஆளுக்கொரு பெயராக இட்டுவைத்திருந்தனர். சின்டனும் அவருடைய துணைவர் மல்லிகனும் அதுவரை வந்த எழுத்துகளை எல்லாம் திரட்டிச் சலித்துப் பார்த்தனர். மனிதனின் மலேரியாக் கிருமிகள் பெருக 48 அல்லது 72 மணி நேரம் ஆகும். இதுவோ 24 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடித்து, நாள்தோறும் இரத்த அணுக்களைச் சிதைக்கிறது. ஆதலின் இது தனி இனம் எனத் துணிந்து, நோல்ஸின் பெயரால் அதைப் பிளாஸ்மோடியம் நோலெசி என்று அழைத்தனர்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. கிருமியைக் கண்ணெனக் காத்த தாஸ் குப்தாவின் பெயர் அதில் இடம்பெறவில்லை. ஆட்சி செய்தவர் பெயர் நிலைக்க, உடனுழைத்தவர் பெயர் அடிக்குறிப்பாகிவிட்ட காலம் அது. சின்டனைப் போற்றும் நாம் தாஸ் குப்தாவையும் நினைவில் வைப்போம்.

இந்தியாவை விட்டுச் சென்ற பின்னும் சின்டனின் ஆய்வு இங்கிலாந்தில் தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் மீண்டும் அழைக்கப்பட்டு, ஆப்பிரிக்காவிலும் மத்தியக் கிழக்கிலும் படைகளுக்கு மலேரியா ஆலோசகராக விளங்கினார். 1946இல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. இறுதியில் வட அயர்லாந்தின் குக்ஸ்டவுன் அருகே அமைதியாக வாழ்ந்து, 1956 மார்ச் 25ஆம் நாள் மறைந்தார்.

அவர் மறைந்த பின்னரே அவர் பெயரிட்ட கிருமியின் கதை விரிந்தது. ஊசி வழியே மனிதனுக்கு வருவது வேறு. கொசு வழியே வருவது வேறு. 1960இல் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில், குரங்கு மலேரியாவின் வேறோர் இனம் கொசுக்கடியால் எதிர்பாராமல் ஆய்வாளர்களையே பற்றியது. 1965இல் மலேசியாவின் பகாங் காட்டில் நில அளவைப் பணி செய்து திரும்பிய அமெரிக்கர் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தோர் முதலில் ஒரு மனித மலேரியா என்றனர். பிறகு மற்றொன்று என்றனர். அவருடைய இரத்தம் செலுத்தப்பட்ட செம்முகக் குரங்குகள் மாண்டபோதுதான் அது நோலெசி என்று தெரிந்தது. இயற்கையாகவே இது மனிதனைப் பற்றும் என்பதற்கு அதுவே முதற் சான்று.

ஆயினும் அதை அரிதான விந்தை என்றே உலகம் கருதியது. 2004இல் சரவாக்கின் கபிட் பகுதியில் பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ் சிங்கும் அவர்தம் குழுவினரும் மலேரியா நோயாளிகள் 208 பேரின் இரத்தத்தை மரபணு முறையில் ஆய்ந்தனர். அவர்களில் 120 பேரிடம் இருந்தது நோலெசி! அதுவரை அங்கு மைக்ராஸ்கோப்பு பார்த்தோர் அதை மெதுவாக வளரும் சாது மலேரியா என்றே எழுதிவந்தனர். வளர்ந்த நிலையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். தோற்றம் ஒன்று, குணம் வேறு. நாள்தோறும் பெருகும் கிருமியை மெதுவானது என்று எண்ணிச் சிகிச்சையில் தாமதித்தால் சில நாட்களிலேயே உயிர் போகலாம். உரிய காலத்தில் அறிந்துவிட்டாலோ, வழக்கமான மலேரியா மருந்துகளே போதும். ஒரு பெயரைத் தவறாக எழுதுவதில் ஓர் உயிர் தொங்குகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நம்மவர் பலருக்கு உறவினர் வாழும் மலேசியாவில் இன்று மனித மலேரியா ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. எஞ்சி நிற்பது குரங்கு மலேரியாவே. காடுகளை அழித்துத் தோட்டமாக்கும்போது குரங்கும் கொசுவும் மனிதனும் ஒரே எல்லைக்கு வந்துவிடுகின்றனர். வீட்டுக்குள் மருந்தடித்தாலும் கொசுவலை கட்டினாலும், காட்டோரத்தில் வேலை செய்பவனை வெளியே கடிக்கும் கொசுவை அவை தடுப்பதில்லை. காட்டுக் குரங்குகளுக்கு மருந்து கொடுக்கவும் இயலாது.

நம் தமிழகத்திலும் இதற்கொரு பாடம் உண்டு. நீலகிரியின் நாட்டுக் குரங்குகளிடம் மலேரியா இயற்கையாகவே நிலைத்திருப்பதை 1962இல் ராமகிருஷ்ணனும் மோகனும் வெளியிட்டனர். அனாபிலிஸ் எலிகன்ஸ் என்னும் காட்டுக் கொசு அதைக் குரங்குகளிடையே பரப்புவது மறு ஆண்டே தெரியவந்தது. கசௌலியில் சின்டன் வளர்த்த நிறுவனம் டில்லிக்கு வந்து இந்திய மலேரியாக் கழகமாக வளர்ந்தது. 1963இல் தேசியத் தொற்றுநோய் நிறுவனம் என்று பெயர் மாறிய அது, இன்று ஷாம்நாத் மார்க்கில் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமாக விளங்குகிறது.

அப்படியானால் மந்திர் மார்க் குரங்குகளைக் கண்டு அஞ்ச வேண்டுமா? நோலெசியின் இயற்கை இருப்பிடம் தென்கிழக்காசியாவின் நீண்டவால் குரங்கும் பன்றிவால் குரங்கும். அதைப் பரப்புவது அங்குள்ள காட்டுக் கொசுக்கூட்டம். அக்குரங்குகளும் அக்கொசுக்களும் டில்லி மேட்டில் இல்லை. ஆகவே இங்குள்ள மந்தியின்மேல் கல்லெறிய மலேரியாவைக் காரணம் காட்டாதீர். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வளரும் கொசுவே நமக்கு அண்மைப் பகை. குரங்கு கடித்தால் வரும் வெறிநோயோ வேறு செய்தி. அதற்கு உடனே ஊசி வேண்டும்.

குரங்கு, முசு, ஊகம் என்று வேறு வேறாகப் பெயரிட்டு, அவற்றின் பெண்ணை மந்தி என்று தொல்காப்பிய மரபியல் குறித்தது. இனம் பிரித்தறிவது தமிழருக்குப் புதிதன்று. அந்த அறிவு உயிர் காக்கும் அறிவாகவும் ஆகும் என்பதையே சின்டனின் வாழ்வு காட்டுகிறது. இரு கையிலும் குண்டு பாய்ந்த பின்னும் இருந்த இடத்தை விட்டு அசையாத அதே மனிதர்தான், ஒரு துளி இரத்தத்தின் முன்னும் பல ஆண்டுகள் அசையாமல் அமர்ந்திருந்தார். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தகடு ஒன்றைப் பார்த்துவிட்டு அவசரமாகப் பெயரெழுத நம் கை விரையும்போது, அவரை ஒரு கணம் நினைப்போம். மறுமுறையும் பார்த்துவிட்டு எழுதுவோம்.