எட்டுத் தந்தி ஐந்தான கதை: மாண்டலின் ஸ்ரீனிவாஸ் செய்தது என்ன?

பழனி மலையடிவாரத்துப் பாலசமுத்திரம் ஆகட்டும், தஞ்சாவூர்ப் பக்கம் ஆகட்டும், கோயில் விசேஷம்னா நாகஸ்வரமும் தவிலும்தான் நம் காதுக்குப் பழக்கம். நாகஸ்வரத்தில் மூச்சு இருக்கும்வரை நாதம் நிற்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு அசைந்து, வழுக்கிப் போகும். அந்த அசைவுக்குப் பெயர் கமகம். கர்நாடக இசையில் ராகத்துக்கு உயிர் கொடுப்பதே அதுதான்.

மீட்டிய கையோடு சத்தம் தேய்ந்துபோகிற மாண்டலினில் இது எப்படி முடியும்? முடியாது என்றுதான் பலரும் நினைத்தார்கள். முடியும் என்று காட்டியவர் ஒரு சிறுவன். பிற்காலத்தில் வாத்தியத்தின் பெயரே அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது: மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ்.

மாண்டலின் எங்கிருந்து வந்தது?

இத்தாலியில், குறிப்பாக நேப்பிள்ஸ் நகரில் வளர்ந்த வாத்தியம் இது. ஜோடி ஜோடியாக மொத்தம் 8 தந்திகள். அமெரிக்காவுக்குப் போனபோது அங்குள்ள கிராமிய இசைக்காரர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பில் மன்றோ அதை வைத்து புளூகிராஸ் என்ற பாணியையே உருவாக்கினார். ஜெத்ரோ பர்ன்ஸ் கன்ட்ரி இசையோடு ஜாஸையும் அதில் வாசித்துப் பெயர் வாங்கினார்.

நம் ஊரில் அது சினிமாப் பாட்டிலும் மெல்லிசைக் குழுக்களிலும் வந்துபோகும் வாத்தியமாக இருந்தது. சபா மேடையின் நடுவில் வைத்து முழுக் கச்சேரி செய்வது வழக்கத்தில் இல்லை.

பாடித்தான் சொல்லிக் கொடுத்தார் குரு

ஸ்ரீனிவாஸ் 1969 பிப்ரவரி 28 அன்று, ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டம் பாலகொல்லுவில் பிறந்தார். அப்பா சத்யநாராயணா கிளாரினெட் கலைஞர். அப்பாவின் மாண்டலினை 6 வயதில் எடுத்துத் தானாகவே மீட்ட ஆரம்பித்தார் மகன். பையனிடம் விஷயம் இருக்கிறது என்று புரிந்துகொண்ட அப்பா, அவரை ருத்ரராஜு சுப்பராஜுவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அதனால் அவர் பாடுவார். பையன் அதைத் தந்தியில் தேடிப் பிடிப்பார். விரல் எங்கே வைக்க வேண்டும் என்று காட்ட ஆளில்லை. இந்தக் குறையே பிறகு பலமாக மாறியது. மாண்டலினுக்கு எது சுலபம் என்று பார்த்து வாசிக்கும் பழக்கம் அவருக்கு வரவே இல்லை. குரல் எங்கெல்லாம் போனதோ, அங்கெல்லாம் வாத்தியமும் போயாக வேண்டியிருந்தது.

1978-ல் குடிவாடாவில் நடந்த தியாகராஜர் விழாவில் முதல் கச்சேரி. அப்போது வயது 9. 1981-ல் சென்னையில் டிசம்பர் சீசனில், இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடையில் வாசித்தார். குடும்பமும் சென்னைக்கு வந்துவிட்டது. எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்த காலத்தில், பதின்ம வயதிலேயே தமிழக அரசின் ஆஸ்தான வித்வான் ஆனார்.

எட்டு ஏன் ஐந்தானது?

சாதாரண மாண்டலினில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இரண்டு தந்திகள் சேர்ந்து ஒலிக்கும். கமகத்துக்காகத் தந்தியை இழுத்தால் இரண்டும் ஒரே அளவு நகர வேண்டும். ஒன்று கொஞ்சம் பிசகினாலும் சுருதி கலைந்துவிடும். போதாக்குறைக்கு, நாதமும் சீக்கிரம் அடங்கிவிடும்.

ஸ்ரீனிவாஸ் இதற்கு இரண்டு வழி கண்டார். ஜோடித் தந்திகளை எடுத்துவிட்டு ஒற்றைத் தந்திகளாக 5 மட்டும் வைத்துக்கொண்டார். ஐந்தாவது தந்தி இருப்பதால் கீழ் ஸ்தாயிக்கும் தாராளமாக இறங்கலாம். அடுத்தது, எலெக்ட்ரிக் மாண்டலினுக்கு மாறினார். தந்தியின் சின்ன அதிர்வைக்கூட அது பெரிதாக்கிக் கொடுக்கும். ஒரு முறை மீட்டிவிட்டு, அந்த நாதம் அடங்குவதற்குள் இடது கை விரல்களை மெட்டுகளின் மேல் வழுக்கிக்கொண்டு போகலாம். பாடகர் ஒரே மூச்சில் பாடுவது மாதிரி.

வெளியிலிருந்து வந்த வாத்தியம் இங்கே நிலைப்பது புதிதல்ல. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அபூர்வம். ஆனால் வயலினுக்கு மெட்டுகள் கிடையாது, வில் இழுக்கும்வரை நாதமும் நிற்கும். மாண்டலினுக்கு இரண்டு வசதியும் இல்லை. அந்த வகையில் ஸ்ரீனிவாஸ் எடுத்துக்கொண்ட வேலை இன்னும் சிரமமானது.

ஜாஸ் மேடையில் 14 வயசுப் பையன்

1983-ல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தபோது அவருக்கு வயது 14. ராகம், தாளம் என்று எதுவும் பழகாத ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கை ஒட்டிய கலைவிழாவிலும் வாசித்தார். 1995-ல் கனடா கிதார் கலைஞர் மைக்கேல் புரூக்குடன் 'ட்ரீம்' ஆல்பம் வந்தது.

ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், தபலா மேதை ஜாகிர் உசேன் ஆகியோரின் 'ரிமெம்பர் சக்தி' குழுவிலும் சேர்ந்தார். சங்கர் மகாதேவனும் செல்வகணேஷும் அதில் உடன் இருந்தார்கள். அங்கே ஜாஸ் கலைஞர்களோடு மேடையிலேயே கற்பனை செய்து வாசிக்க வேண்டும். மனோதர்மத்தில் ஊறிய கர்நாடகக் கலைஞருக்கு அது அந்நியமான வேலை இல்லையே! அதே சமயம் சென்னை சபாக்களில் கீர்த்தனை, ராகம் தானம் பல்லவி என்று வழக்கமான கச்சேரியையும் விடவில்லை.

1998-ல் பத்மஸ்ரீ, 2009-ம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாடமி விருது என்று கௌரவங்கள் வந்தன.

45 வயதில் முடிந்தது

கல்லீரல் பாதிப்பால் சென்னையில் சிகிச்சை பெற்றுவந்தவர், 2014 செப்டம்பர் 19 அன்று காலமானார். வயது 45 மட்டுமே. இசைக்கலைஞர்களுக்கு அது முதிர்ச்சி கூடிவரும் வயது. அதற்குள் 36 ஆண்டு மேடை அனுபவம் அவருக்கு இருந்தது.

ஒருவரின் திறமையை மட்டுமே நம்பி நின்ற வாத்தியம் என்றால், அவரோடேயே அது முடிந்திருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. தம்பி யு. ராஜேஷும் சீடர்களும் தொடர்ந்து வாசிக்கிறார்கள். கர்நாடக மாண்டலின் கற்க விரும்பும் பிள்ளைக்கு இன்று பார்த்துப் பழக ஒரு முறை இருக்கிறது. பாலகொல்லுவில் அந்த 6 வயதுப் பையனுக்கு அது இல்லை.

அடுத்த தடவை அவருடைய ஆலாபனை ஏதாவது காதில் விழுந்தால் ஒன்றை மட்டும் கவனித்துப் பாருங்கள்: ஒரு முறை மீட்டிய பிறகு, அடுத்த மீட்டலுக்குள் எத்தனை ஸ்வரங்களைக் கடக்கிறார் என்று.