சிறுமலருக்குப் பெய்த பனி

பிரான்சு நாட்டில் அலான்சோன் நகரில் 1873 ஜனவரி 2 ஆம் நாள் பிறந்த தெரேசம்மாளைச் சிறுமலர் என்று அழைக்கிறோம். நான்கு வயதில் தாயை இழந்தார். தாயைப் போல் வளர்த்த அக்காள் பவுலினும் 1882 இல் கார்மேல் மடத்திற்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு கடும் நோயில் கிடந்தபோது, கட்டிலருகே இருந்த மாதா சுரூபம் தம்மைப் பார்த்துப் புன்னகைப்பதைக் கண்டார். நோய் நீங்கிற்று.

பதினைந்து வயதில், அதாவது என் வயதில், லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தார். 1889 ஜனவரி 10 அன்று துறவற உடை பெற்றார். தம் உடையைப் போலவே வெளியெங்கும் வெண்மையாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. அன்றோ குளிரே இல்லை. சடங்கு முடிந்து மடத்துக்குள் நுழைந்தால், முற்றமெல்லாம் பனி! (நமக்குப் பனி என்றால் கிறிஸ்துமஸ் குடிலில் ஒட்டும் பஞ்சுதான்.) இத்தனை சிறிய ஆசையையும் ஆண்டவர் கவனித்தாரே என்பதுதான் எனக்கு வியப்பு.

1896 பாஸ்குத் திருநாள் முதல் அந்த ஆறுதலும் மறைந்தது. காசநோய் உடலை வாட்டியது. மோட்சம் உண்டா என்ற இருள் உள்ளத்தை மூடியது. விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதித் தம்மோடு வைத்துக்கொண்டார். 1897 செப்டம்பர் 30 மாலை, 24 வயதில் மரித்தார்.